முப்பது பேப்பர் கப்

அந்தச் சட்டியைக் கொட்டியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனை தட்டிவிட்டது என்று என் அக்கா தெருவில் சொல்லிவைத்திருக்கும் கதையை யாரும் நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, வெயில் இறங்குகிற நேரம். சிலுவைப்பாதை ஜெபம் அன்றைக்கு எங்கள் வீட்டு முறை. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தெருவில் அது வழக்கம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளில் வாரம் ஒரு வீடு. கோயிலில் இருந்து மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு, பாடியபடியே தெருவைச் சுற்றி வந்து, கடைசி ஜெபத்தை முறைக்கார வீட்டு வாசலில் முடிப்பார்கள்.

மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, சலவை வேட்டியோடு நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பாட்டுச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அந்த வாடை வந்தது. கருவாடு பொரிக்கிற வாடை. அதுவும் என் வீட்டுக்குள்ளிருந்து.

எங்கள் தெருவில் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் முட்டைகூட உடைக்க மாட்டார்கள். கறி கிடையாது, மீன் கிடையாது, கவிச்சி என்று எதுவுமே கிடையாது. ஊரே விரதம் இருந்து சிலுவையோடு வருகிறது. வரவேற்கிற வீட்டில் நெத்திலி பொரிகிறது. எனக்கு உச்சந்தலை காந்தியது.

உள்ளே போனேன். ஒரு அடுப்பில் வாணலி, அதில் நெத்திலி. இன்னொரு அடுப்பில் பொங்கலுக்கு எடுக்கிற பெரிய அலுமினியச் சட்டி. அதற்குள் கன்னங்கரேலென்று ஏதோ கொதகொதவென்று கொதித்துக்கொண்டிருந்தது. என் மருமகள் ரோவேனா, ஆறு மாத வயிற்றோடு, வியர்த்து வழிய நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“அப்பா, சம்பராடோ” என்றாள்.

என்ன என்று கேட்டேனா? கேட்கவில்லை. துண்டைப் பிடித்துச் சட்டியைத் தூக்கினேன். பின்வாசல் வழியாகப் போய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தேன். திரும்பி வந்து வாணலியை எடுத்துக்கொண்டு போய் நெத்திலியையும் குப்பைக் குழியில் கொட்டினேன்.

“அறிவில்ல உனக்கு? வெள்ளிக்கெழம வூட்ட நாறடிச்சு வெச்சிருக்க. இது வூடா, கருவாட்டுக் கடையா?”

அவளுக்குப் பாதி தமிழ் புரியாது. குரல் புரிந்திருக்கும். தெருவுக்கே புரிந்தது, பாட்டு ஒரு நிமிஷம் நின்றுபோய் மறுபடி தொடங்கியது. அப்புறம் நான் வாசலுக்கு வந்து எல்லாரோடும் முழங்காலிட்டு, என் பாவமே என் பாவமே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கண்டக்டர் குரல்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என் கோபம் புதிதில்லை. சித்தேரி மலைப்பாதையில் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். ஐம்பது பேர் ஏற வேண்டிய வண்டியில் நூறு பேர், கூடவே சாமை மூட்டை, பலாப்பழம், கோழி. குரல் இல்லாவிட்டால் அந்த வண்டியை அடிவாரத்தை விட்டு நகர்த்தவே முடியாது. ‘உள்ள போ, உள்ள போ’ என்று கத்திக் கத்தியே எனக்கு வேறு குரல் இல்லாமல் போய்விட்டது. என் மனைவி இருந்தவரை, “இது பஸ்ஸு இல்ல, வூடு. மெல்லப் பேசுங்க” என்பாள். அவள் போய் ஆறேழு வருஷம் ஆகிறது. அதன் பிறகு என்னிடம் அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

கருவாடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எழுதக் கூடாது என்று இத்தனை வாரம் தள்ளிவைத்திருந்தேன்.

ஒரு அம்மா, கூடை நிறையக் கருவாட்டோடு அடிவாரத்தில் ஏறினாள். மலைக்கிராமங்களில் வீடு வீடாக விற்கிறவள். நாலு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். நான் விசில் கொடுத்து வண்டியை நிறுத்தி, முதல் வளைவிலேயே அவளை இறக்கிவிட்டேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. “மேல எடம் குடுங்க சாமி, கூடையை டாப்புல போட்டுக்கறேன்” என்றாள். நான் காதில் வாங்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் என் டிபன் டப்பாவில் கருவாட்டுக் குழம்புதான். அரூர்க்கார டிரைவரும் நானும் அதை ரசித்துச் சாப்பிட்டோம்.

இவ்வளவு யோக்கியமானவன்தான் மருமகளுக்குப் பக்தி சொல்லிக்கொடுக்கப் போனேன்.

கறுப்புப் பாயசம்

ரோவேனா பிலிப்பைன்ஸ்காரி. என் மகன் சேவியர் துபாயில் ஒரு ஹோட்டலில் ஏசி மெக்கானிக். அவள் அதே ஹோட்டலில் அறைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கேயே ஒரு கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு, எனக்குப் போட்டோ அனுப்பினான். அதற்கு நான் கத்திய கத்தலைத் தனியாக ஒரு வாரம் எழுதலாம். கடைசியில், பெண் நம்ம வேதக்காரிதான், ஜெபமாலை வைத்திருக்கிறாள் என்பதில் கொஞ்சம் அடங்கினேன்.

அவள் உண்டானதும் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். அங்கே தனியாக வைத்துப் பார்க்க முடியாது, நம் வீட்டில் பிரசவம் நடக்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் போனில் முடிவு செய்தோம். அவளை யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

நல்ல பெண். வந்த பத்தாம் நாளே என்னை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். வாசல் தெளிக்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் சாப்பாடுதான் இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கிற என் அக்கா லூர்துமேரி தினமும் ராகிக் களியை உருட்டிக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, “மெல்லாத, அப்பிடியே முழுங்கு கண்ணு” என்பாள். அந்தப் பெண் கண்ணில் தண்ணீர் வர விழுங்கும். கொஞ்ச நேரத்தில் பின்வாசலுக்கு ஓடும். சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் எடை பார்த்துவிட்டு என்னை முறைப்பார். “இந்தப் பொண்ணுக்கு என்னாங்க புடிக்கும்?” என்று ஒருமுறை கேட்டார். “எல்லாம் சாப்புடும்ங்க” என்றேன். பக்கத்தில் நின்றவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளே ஒருநாள் அக்காவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அரிசியில் சாக்லேட் போட்டுக் கஞ்சி மாதிரி வைப்பார்களாம், மேலே பால் ஊற்றிக்கொள்வார்களாம், தொட்டுக்கொள்ளக் கருவாடாம். அக்கா அலறியடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“டேய் அந்தோணி, பாலும் கருவாடும் சேத்துத் தின்னா புள்ளைக்கு ஒடம்பெல்லாம் வெள்ள வெள்ளையா உழும்டா. அந்தக் கறுப்புப் பாயசமெல்லாம் இந்த வூட்டுல ஆவாது, சொல்லிட்டேன்.”

“நான் சொல்லிக்கறேன் போக்கா” என்றேன். அக்காவுக்குப் பயந்தவன் நான். சொன்னேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

நம் முறை வருகிற வாரம், புதன்கிழமை, ரோவேனா என்னிடம் வந்து கேட்டாள். “அப்பா, வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வரும்?”

“ஒரு முப்பது பேர் வருவாங்கம்மா.”

அவள் விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டு போனாள். பேப்பரைப் படித்துக்கொண்டிருந்த நான், எதற்குக் கேட்கிறாய் என்று கேட்டிருக்கலாம். அந்த ஒரு கேள்விக்கு என் வாய் வலித்திருக்காது.

சார்

கொட்டிய மறுநாள் காலையில் எனக்குக் காபி வந்தது. டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, “காபி, சார்” என்றாள்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டாள். “சாப்பாடு ரெடி, சார்.” அதில் கோபம் இல்லை, அழுகை இல்லை. ஹோட்டலில் விருந்தாளிகளிடம் பேசுவாளே, அந்தக் குரல். கண்டக்டராக இருந்த காலத்தில் ஒரு நாளைக்கு நூறு பேர் என்னை சார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு சாரும் இப்படிக் குத்தியதில்லை.

அக்கா மட்டும் மெச்சிக்கொண்டாள். “நல்ல வேல செஞ்ச. ஒருதடவ கொட்டுனாத்தான் புத்தி வரும்.”

ஞாயிற்றுக்கிழமை சேவியர் போன் செய்தான். “அவ அம்மா வூட்டுக்குப் போறாளாம்பா. டிக்கெட் போடச் சொல்றா. இன்னும் கொஞ்ச நாள் போனா பிளைட்டுல ஏத்த மாட்டாங்களாம்” என்றான். “போயிட்டு எப்ப வருவான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா.”

“போறவங்க போவட்டும்டா” என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். மகன் வயிற்றுப் பிள்ளை அது. வீடு மறுபடி நானும் சுவரும் என்று ஆகிவிடும்.

அந்தக் கடுப்பில்தான், நானே காபி போட்டுக்கொள்ளலாம் என்று சர்க்கரை டப்பாவைத் தேடினேன். அடுப்பங்கரை மேல்தட்டில், மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே பேப்பர் கப், பிரிக்காத கட்டு. ஐஸ்கிரீம் தின்கிற மரக்கரண்டியும் ஒரு கட்டு. எண்ணிப் பார்த்தேன். முப்பது கப். முப்பது கரண்டி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சேவியருக்கு நானே போன் செய்தேன். கப்பையும் கரண்டியையும் சொல்லி, “என்னாடா இது?” என்றேன். அவன் சொன்னான். அவர்கள் ஊரிலும் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கறி தொட மாட்டார்களாம். கருவாடுதான் அன்றைக்கு எளிய சாப்பாடாம். ஜெபம் வருகிற வீட்டில் வந்தவர்களுக்கு ஏதாவது கையில் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்களாம். அன்று முழுக்க அவள் ஒருசந்தி இருந்து, பட்டினியோடு, வருகிறவர்களுக்காக ஆக்கியிருக்கிறாள்.

“அந்தக் கஞ்சிக்குச் சாக்லேட்டாப் போட்ட கொக்கோ வில்லை இருக்குதில்லப்பா, அது அவங்க அம்மா கையால வறுத்து அரைச்சுத் தட்டிக் குடுத்தது. அவங்க வூட்டு மரத்துக் கொட்டை. பிரசவம் வரைக்கும் வெச்சுக்கன்னு குடுத்தாங்க. இவ மசக்கையில வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தப்பகூட ஒண்ணை எடுத்துத் திங்கல. அத்தனையும் அன்னைக்கே போட்டுட்டா, ஜனங்களுக்கு பத்தாமப் போயிடும்னு.”

“இத ஏன்டா மொதல்லயே என்கிட்ட சொல்லல?”

“எப்பப்பா சொல்ல உட்டீங்க?”

பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தொட்டி நக்கித் துடைத்தாற்போல் இருந்தது. கடல் தாண்டி வந்த அந்தக் கொக்கோவின் ருசி எங்கள் வீட்டில் மாட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சாமியிடம் சண்டை

கோபத்தை எங்கேயாவது இறக்க வேண்டுமே. நேராகக் கோயிலுக்குப் போய், பங்குச்சாமியாரைப் பிடித்தேன். சின்ன வயசுக்காரர், தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“சாமி, வெள்ளிக்கெழம மீனு திங்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“இறைச்சிதாங்க கூடாது கண்டக்டர். மீனு கூடாதுன்னு திருச்சபைச் சட்டம் எதுவும் இல்ல. நம்ம ஜனங்க பக்தியில அவங்களாவே சேத்துக்கிட்டது.”

“அறுவது வருசமா தவக்கால வெள்ளிக்கெழமயில நெத்திலியக் கண்ணுல பாக்காம இருந்திருக்கறேன் நான். இத பிரசங்கத்துல ஒருவாட்டி சொல்றதுக்கு என்னாங்க?”

“சொன்னா உங்க அக்காவே என்னைய ஊர உட்டுத் தொரத்திடுவாங்க” என்றார். சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் சொன்னார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டார். “விரதம் இருந்த பொண்ணோட கையால செஞ்சதக் கொட்டிட்டு வந்து சிலுவைக்கு முன்னாடி முழங்கால் போட்டீங்களா?” என்றார். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

“அடுத்த வெள்ளிக்கெழம எங்கக்கா வூட்டு முறை. எல்லாரும் எங்க வாசலத் தாண்டித்தான் போவணும். நானே அத ஆக்கி அத்தன பேருக்கும் குடுக்கப் போறேன், கருவாட்டோட. தடுக்கறவங்க தடுக்கட்டும்.”

“எனக்கும் ஒரு கப்பு வைங்க” என்றார் சாமியார்.

என் கைப்பக்குவம்

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கேக் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கொக்கோ தூள் கேட்டேன். “கேக்குக்கா, ஐஸ்கிரீமுக்காங்க?” என்றான் கடைக்காரப் பையன். “சோத்துக்கு” என்றேன். அவன் முதலாளியைக் கூப்பிட்டான்.

செய்முறையை சேவியர் போனில் சொன்னான். அவனும் பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே தவிர, செய்தவன் இல்லை. அங்கே ஒட்டுகிற அரிசி என்று தனியாக உண்டாம். இங்கே அதற்கு ரேஷன் பச்சரிசி போதும் என்று நானே தீர்மானித்தேன். அரிசியைக் குழைய வேகவிட வேண்டும், கொக்கோவைப் போட வேண்டும், இனிப்புப் போட வேண்டும், பால். இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாசலிலேயே கேஸ் அடுப்பை வைத்தேன். ஒளித்துச் செய்ய நான் என்ன சாராயமா காய்ச்சுகிறேன்? அரிசி கொதித்ததும் கொக்கோ தூளில் பாதியை அப்படியே கொட்டினேன். அது கட்டி கட்டியாக மேலே மிதந்தது. கரண்டியால் நசுக்கினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு கட்டியைத் துரத்துகிற நேரத்தில் அடி பிடித்துவிட்டது. அச்சுவெல்லத்தைத் தட்டிப் போட்டேன். அது கொதிக்கிறபோதே, சூடாறட்டும் என்கிற பொறுமை இல்லாமல், ஒரு சொம்புப் பாலை ஊற்றினேன். பால் அந்த நிமிஷமே திரிந்து, வெள்ளை வெள்ளையாகத் திப்பி போட்டு நின்றது.

பக்கத்து வீட்டு வாசலில் மேசை விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

“என்னாடா பண்ற வெள்ளிக்கெழம அதுவுமா? புத்தி பெரண்டு போச்சா உனக்கு?”

“ஆமாக்கா. போன வாரம் பெரண்டது. இப்பத்தான் நேராவுது.”

நெத்திலியை எண்ணெயில் போட்டேன். அந்த வாடை தெருவுக்குப் போனதும் கதவுகள் திறந்தன. ஆளாளுக்கு நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு பிடி போட்டேன்.

ரோவேனா உள்ளிருந்து வந்தாள். ஒரு வாரமாக என் முகத்தைப் பார்க்காதவள், அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்தில் அடுக்கியிருந்த அந்த முப்பது கப்பைப் பார்த்தாள். கரண்டியை வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கினாள். முகம் கோணியது.

“அப்பா!” என்றாள்.

அப்படி ஒரு கோபத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. “என்ன இது? கருகிப் போச்சு. பால் உள்ள போடாது. மேல, மேல! கப்புல போட்ட அப்புறம் மேல! கொக்கோ சுடுதண்ணில கலக்கணும். யார் சொன்னது இப்படி? கேக்கணும் இல்ல, அப்பா? கேக்கவே மாட்டீங்களா?”

அதோடு விட்டாளா? சட்டியைத் துண்டால் பிடித்துத் தூக்கினாள். ஆறு மாத வயிற்றோடு தூக்காதே என்று நான் பாய்ந்து போய் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு பேருமாகச் சட்டியைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய், அதே தொட்டியில் கவிழ்த்தோம். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கும் ருசி தெரிந்துவிட்டிருந்தது.

“பச்சரிசி இருக்கா?” என்றாள்.

“இருக்குதும்மா.”

“கழுவிக் குடுங்க, அப்பா.”

பொட்டலத்தில் மிச்சமிருந்த கொக்கோவில் அவள் மறுபடி ஆக்கினாள். நான் அரிசி கழுவினேன், வெல்லம் தட்டினேன், திட்டு வாங்கினேன். தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, கை ஓயாமல் கிண்டினாள். அது கொழகொழவென்று பளபளத்து இறங்கியது.

சிலுவை அக்கா வீட்டு வாசலுக்குப் போய் ஜெபம் முடிந்ததும், எல்லாரும் எங்கள் வாசலைத் தாண்ட முடியாமல் நின்றார்கள். சாமியார் முதல் கப்பை வாங்கினார், நெத்திலியும் சேர்த்து. மற்றவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். நான் என் பழைய குரலை எடுத்தேன். “நிக்காதீங்க, கப்ப வாங்கிட்டு முன்னால போங்க, முன்னால போங்க!” பாதிப் பேர் நெத்திலியோடு வாங்கினார்கள், பாதிப் பேர் அதை மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அக்கா கடைசியில் வந்தாள். பாலும் இல்லாமல், கருவாடும் இல்லாமல் ஒரு கப் வாங்கி, நின்றபடியே வழித்துத் தின்றாள். “வெல்லம் பத்தல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மிஞ்சியது அரை கப். ரோவேனா அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெத்திலியைக் கடித்து, ஒரு வாய் சம்பராடோ. மறுபடி நெத்திலி. இங்கே வந்த நாளிலிருந்து அவள் எதையும் அவ்வளவு நிதானமாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. அவள் பின்வாசலுக்கு ஓடவும் இல்லை.

எனக்கு என்று வைத்துக்கொள்ள மறந்துவிட்டேன்.

தாய் வீடு

அதற்காக அவள் போகாமல் இருந்துவிட்டாள் என்று எழுத மாட்டேன். போனாள். டிக்கெட் போட்டாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் எனக்கு உறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் நடந்ததில்லை. ஏழாம் மாதம் வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு கட்டி, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். என் தங்கைக்குச் செய்தோம், அக்கா மகளுக்குச் செய்தோம். இந்தப் பெண்ணுக்கும் அம்மா வீடு என்று ஒன்று இருக்கிறது என்று எங்கள் மரமண்டைகளில் ஏறவே இல்லை. அவள் கேட்டது அந்த நியாயத்தைத்தான். நான் அதற்குப் போனில் கத்தினேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் வாயைத் திறக்கப் போனாள். “இந்தத் தடவ நீ பேசாதக்கா” என்றேன். அறுபது வயதில் முதல் தடவையாக அவளிடம் அப்படிச் சொன்னேன். அவள், “கண்ணாடி வளையலு வாங்கணும்டா, பச்சையும் செவப்பும்” என்றாள். அவளே வாங்கிவந்து அவளே போட்டாள். பெங்களூர் விமான நிலைய வாசலில் டிக்கெட்டைக் காட்டிவிட்டு ரோவேனா உள்ளே நுழைகிறவரை அந்த வளையல் சத்தம் கேட்டது.

பிள்ளை பிறந்து நாலு மாதம் ஆகிறது. பெண். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தார்கள். ரோவேனாவுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு அம்மா, தோளில் துண்டு. என் சம்பந்தி. அவர்கள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த அம்மா மகளிடம் என்னவோ ஆர்வமாகக் கேட்டார். ரோவேனா கொஞ்சம் தாமதித்துத்தான் எனக்குச் சொன்னாள்.

“அம்மா கேக்கறாங்க. ஜெபத்துக்கு வந்த முப்பது பேரும் அம்மா கொக்கோ நல்லா இருக்குன்னு சாப்பிட்டாங்கன்னு நான் சொன்னேன். உங்களுக்கு எப்படி இருந்தது? விறகு அடுப்புல வறுத்தது. ரொம்பக் கசப்பா இருந்ததான்னு கேக்கறாங்க.”

நான் கொட்டியதை அவள் அம்மாவிடம் சொல்லவே இல்லை. இத்தனை மாதமாக, பெற்ற தாயிடம், ஒரு வார்த்தைகூட. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு என் மேல்தான் கோபம் வந்தது. நூறு பேருக்குக் கேட்கக் கத்துகிற அந்தக் குரல் வரவில்லை.

“கசப்பே இல்லீங்க சம்பந்தி” என்றேன். “நல்லா இருந்துச்சுங்க.”

ரோவேனா அதை மொழிபெயர்த்தாள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மரத்தில் இந்த வருஷம் நிறையக் காய் என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். பிள்ளையோடு மகள் இங்கே திரும்பும்போது இரண்டு மடங்கு வில்லை கொடுத்தனுப்புகிறாராம்.

அதையும் சொல்லிவிட்டு, ரோவேனா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். தன் அம்மாவுக்குப் புரியாத தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

“இந்த வாட்டி நீங்க சாப்பிடணும், அப்பா. மாடு இல்ல.”

சிரிக்காமல்தான் சொன்னாள்.